கணக்கு வராது என்று யார் சொன்னது?



ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் படிப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "தமிழ் நல்லா வரும் சார், கணக்குதான் வராது" என்பான். வராது என்று இவனுக்கு யார் சொன்னது? ஆறாம் வகுப்பில் யாரோ சொன்னார்கள். வீட்டில், "அவங்கப்பனுக்கும் வராது" என்று ஒத்து ஊதினார்கள். இப்போது அவனே சொல்கிறான்.

மார்க் குறைந்ததால் இந்த எண்ணம் வந்தது, உண்மைதான். வந்த எண்ணம் சும்மா இருப்பதில்லை. அடுத்த பரீட்சை மார்க்கையும் அது குறைக்கிறது. இப்படி ஒன்றையொன்று இழுப்பதைத்தான் ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் தம் ஆய்வுகளில் காட்டினார்.

எப்படிக் குறைக்கிறது? அரையாண்டு விடைத்தாள் கொடுக்கும் வகுப்பை நினைத்துப் பாருங்கள். முதல் மார்க்கில் ஆரம்பித்து, பெயரையும் மார்க்கையும் உரக்கப் படித்துக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் கூப்பிடப்படும் பையன் தாளை வாங்கிய கையோடு நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொள்கிறான். அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: இருபடிச் சமன்பாட்டில் காரணி பிரித்தது சரி, கூட்டியது சரி, கடைசி வரியில் ஒரு மைனஸ் குறியை விட்டிருக்கிறான். ஸ்டெப் மார்க்கும் விழுந்திருக்கிறது. அவன் அதைப் பார்க்கப் போவதே இல்லை. "எனக்குத்தான் வராதே" என்று முடிவு கட்டிவிட்டவன் தன் பிழையை ஏன் தேடப் போகிறான்? பிழையைத் தேடாதவனுக்குக் கணக்கு எங்கிருந்து வரும்?

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வருகிற பிள்ளையை, கடன் வாங்கிப் பணம் கட்டி விடுதிப் பள்ளியில் சேர்க்கிறோம். அங்கே எல்லோருமே அவரவர் ஊரில் முதலாவதாக வந்தவர்கள். நம் பிள்ளை நாற்பதாவது ஆகிறாள். அவள் அறிவு ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் தன்னைப் பற்றிய நினைப்பு குறைந்துவிடுகிறது. மார்ஷும் அவரோடு ஆய்வு செய்த கிட்-டாய் ஹாவும் 26 நாடுகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதினைந்து வயதுப் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2003இல் இதைத்தான் எழுதினார்கள். இப்படி ஒப்பிட வைக்கும் மாநில ரேங்கை அறிவிப்பதை 2017இல் நம் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் வகுப்பறைக்குள் ரேங்க் அப்படியே இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது இன்னும் கனமானது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் அறிஞர்கள், உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்த் தாள்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதவரை, மேல்சாதிப் பையன்களுக்கும் தலித் பையன்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னாலும் படித்தார்கள். தலித் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே மாதிரிப் பையன்கள், அதே புதிர்கள்!

அது வடக்கே நடந்தது என்று நாம் தள்ளிவிட முடியாது. உதவித்தொகைப் படிவம் வந்தால், "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க" என்ற குரல் நம் வகுப்பறைகளிலும் கேட்டதுதானே? எழுந்து நிற்கும் அந்தப் பிள்ளை அடுத்த மணி அறிவியல் பாடத்தில் எந்த மனசோடு உட்காருவான்?

"நீ கெட்டிக்காரன்டா" என்று வாயால் பாராட்டினால் 'எனக்கு வராது' என்ற எண்ணம் மாறிவிடாது. பிள்ளைகள் வெறும் புகழ்ச்சியை நம்புவதில்லை. அந்த நாலாக மடித்த தாளைப் பிரித்து, "இதுவரைக்கும் நீ போட்டது சரி, இந்தக் குறி ஒன்றுதான் விட்டுப்போச்சு, மறுபடி போடு" என்று பக்கத்தில் உட்காருங்கள். அவன் போட்டு முடிக்கட்டும். அதை நம்புவான்.

தலைமையாசிரியர் ஐயா மேடையில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தச் சபை முன்னிலையில் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன். வரும் அரையாண்டிலிருந்து விடைத்தாளைப் பெயர் வரிசையில் கொடுக்கச் சொல்லுங்கள். மார்க்கை யாரும் உரக்கப் படிக்க வேண்டாம். தாள் கொடுத்த மறுநாள் ஒரு பாடவேளையைப் பிழை திருத்துவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். உதவித்தொகைப் படிவங்களை அலுவலகத்தில் தனித்தனியாக வாங்குங்கள். இதற்குச் சம்மதம் என்றால், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தீர்மானப் புத்தகத்தில் இன்றைக்கே எழுதிவிடலாம்.