பள்ளி என்னும் ஒரு சொல்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்திருப்பது 20 நிமிடம். ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்று எண்ணினேன். தமிழாசிரியனைப் பேச அழைத்தால் அவன் சொல்லாராய்ச்சியில்தான் வந்து நிற்பான், பொறுத்தருள வேண்டும்.

நம் சமயத்தவராகிய மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. அதன் 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பயின்ற என் பாட்டனார் முதுமையிலும் அதனைத் தடையின்றி ஒப்பிப்பார். ஒரு சொல் ஒரு மொழிக்குள்ளேயே இத்தனை பொருள் ஏற்குமாயின், எல்லை கடந்து அயல்மொழிகளுக்குச் சென்றால் என்னவாகும்? இதனை எனக்கு உணர்த்திய சொல் 'பள்ளி'.

சில ஆண்டுகளுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குச் சென்றேன். பார்சுவநாதரும் மகாவீரரும் அம்பிகை இயக்கியும் பாறையிற் புடைப்புச் சிற்பங்களாக விளங்கும் மலை அது. திருச்சாரணத்துப் பள்ளி என்பது அதன் பழம்பெயர். மார்த்தாண்டத்தில் இறங்கி, படித்த மிடுக்கோடு, "பள்ளிக்கு எவ்வழி செல்ல வேண்டும்?" என்று ஒரு பெரியவரிடம் வினவினேன். அவர் அன்போடு என்னை அழைத்துச் சென்று ஒரு கிறித்தவத் தேவாலயத்தின் வாயிலில் விட்டுவிட்டார். தவறு அவருடையதன்று. அப்பகுதியிலும் மலையாள நாட்டிலும் பள்ளி என்றால் தேவாலயம். இசுலாமியர் தொழுமிடமும் பள்ளியே. மலையைத்தான் தேடி வந்தேன் என்று சொன்னதும், "மலைக்கோயில் என்று கேட்டிருக்கக் கூடாதா?" என்று நகைத்தார். பின்னாளில் அங்கே பகவதி வழிபாடு நிலைபெற்றமையால் கோயில் என்ற பெயர் நின்றது. பள்ளி என்ற பெயர் கல்வெட்டோடு நின்றுவிட்டது.

பள்ளி என்னும் சொல் படுக்கையையும் உறைவிடத்தையும் குறிப்பது. பள்ளியறை, பள்ளி கொள்ளுதல் ஆகிய வழக்குகளை நாம் அறிவோம். மதுரையை அடுத்த மாங்குளத்தில், கணி நந்தன் என்னும் துறவியார்க்காக நெடுஞ்செழியனுடைய அலுவலர் குடைவித்த குகையைத் தமிழ்பிராமிக் கல்வெட்டு பள்ளி என்றே குறிக்கிறது. அது 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன்மீது கை வைத்துப் பார்த்தவர்கள் அதன் வழவழப்பையும் தண்மையையும் மறக்க மாட்டார்கள். துறவியர் படுத்த கல் பள்ளி ஆயிற்று; அக்கல் இருந்த குகை பள்ளி ஆயிற்று; பின்னர் அவர்கள் வாழ்ந்த மடமும் பள்ளி ஆயிற்று.

மடத்திலிருந்து பாடசாலைக்கு இச்சொல் வந்த வழியை அறிய விரும்புவோர், நம் வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலுக்குச் செல்ல வேண்டும். 9ஆம் நூற்றாண்டில், ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, விடால் பள்ளியில் கனகவீரக் குரத்தியார் 500 பிள்ளைகளோடு இருந்த செய்தியைக் கூறுகிறது. குரத்தியார் என்றால் பெண் ஆசிரியர். இன்றைக்கும் 500 பிள்ளைகள் இருந்தால் அதனைப் பெரிய பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வோம்! சமண, பௌத்தப் பள்ளிகளில் நிகழ்ந்த கல்விப் பணியினாலேயே கற்குமிடத்துக்கு இப்பெயர் வந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. நாள்தோறும் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அத்தனை பேரும் தம்மையறியாமல் நம் முன்னோரின் உறைவிடப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள்.

கன்னடத்தில் இதன் போக்கு வேறு. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல அங்கே ஹகரமாகும். பால், ஹாலு; புலி, ஹுலி; பள்ளி, ஹள்ளி. ஹள்ளி என்றால் அங்கே சிற்றூர். பெங்களூரில் வாழும் என் பேத்தி, தன் வீட்டைச் சுற்றியுள்ள ஹள்ளிகளையெல்லாம் எண்ணிவிட்டு, அங்கெல்லாம் சமண முனிவர்கள் இருந்தார்களா என்று கேட்டாள். இல்லையம்மா, அங்கே உழவர்கள் இருந்தார்கள் என்றேன். தெலுங்கில் பல்லெ என்பதும் சிற்றூரே. வங்காளியர் பல்லி என்பதும் அதுவே. தெலங்கானாக் கடைத்தெருவில் பல்லி என்று கேட்டால் வேர்க்கடலை அளந்து கொடுப்பார்கள். அது வேறு கதை. சிங்களவர் பல்லிய என்று தேவாலயத்தையும் மசூதியையும் வழங்குகிறார்கள்.

இதற்கு எதிரான பயணம் ஒன்றும் உண்டு. குடியிருப்பு எனப் பொருள்படும் 'வசதி' என்ற வடசொல் கன்னடத்தில் பசதி என்றாகிச் சமணக் கோயிலைக் குறிக்கிறது. சிரவணபெளகொளவில் அப்பெயரையே கேட்கிறோம். அதே சொல் இந்தியில் பஸ்தி என்றாகி, மக்கள் நெருங்கி வாழும் சேரியையும் குறிக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் நம்முடைய ஊர் என்று மார்தட்டுதல் தகாது. சிற்றூர் என்ற பொருளில் பெயர் பெற்றனவும் பல. பௌத்த விகாரங்களும் பள்ளி எனப்பட்டன. நாகப்பட்டினத்தில் இருந்த இராசராசப் பெரும்பள்ளி பௌத்தருடையதே. படிமமோ, படுக்கையோ, கல்வெட்டோ, பள்ளிச்சந்தம் என்ற நிலக்கொடைக் குறிப்போ சான்று கூறாத இடத்தில் நாம் வாய் திறவாதிருப்பதே அறம்.

ஆனால் சான்று இருந்தும் வாய் திறவாதிருந்த குற்றம் என்னுடையது. அதனைச் சொல்லவே இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

எங்கள் ஊரின் மேற்கே பள்ளிக்கழனி என்றொரு நிலம் உண்டு. அதன் வரப்போரத்தில் இடுப்பளவு உயரமுள்ள கல். தேய்ந்த தீர்த்தங்கரர் உருவம். பெரியோர் நயினார் கல் என்பார்கள். அந்நிலம் கைம்மாறியபோது, பத்திரம் எழுதியவர் அதனைப் 'பள்ளிக்கூடக் கழனி' என்று எழுதினார். அவர் தீங்கு கருதினாரில்லை. தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக ஆக்கினார். வாங்கியவரோ வெளியூர்க்காரர். கழனியைச் சமன் செய்தபோது கல் பெயர்க்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து ஏரி மதகருகே அதனைக் கண்டோம். முகம் மண்ணிற் புதைய, படிக்கல்லாகக் கிடந்தது. நானும் இரண்டு இளைஞர்களும் அதனை எடுத்துக் கழுவி ஜினாலயத்தின் முற்றத்தில் நிறுத்தினோம். கல் பிழைத்தது. அது நின்ற இடத்தை இன்று எவருக்கும் சுட்டிக்காட்ட இயலவில்லை.

34 ஆண்டுகள் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவன் நான். மாங்குளத்தையும் வேடலையும் வகுப்பில் விளக்கினேன். என் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த அக்கழனியின் பெயரை ஒரு மாணவனுக்கும் விளக்கியதில்லை. விளக்கியிருந்தால், அந்தப் பத்திரத்தை எழுதியவரும் அறிந்திருப்பார். அவரும் என்னிடம் பயின்றவரே.

ஆதலின் இவ்வாண்டு முதல் ஒரு சிறு பணியைத் தொடங்கியிருக்கிறேன். நம் ஊர்களில் பள்ளி, நயினார், அமணன் என்ற சொற்களோடு வழங்கும் வயல், மேடு, குட்டை, பாறை ஆகியவற்றின் பெயர்களைக் குறித்து வருகிறேன். எவர் சொன்னார், அங்கே என்ன இருக்கிறது என்பதையும் உடன் எழுதுகிறேன். இதுவரை 11 பெயர்கள் கிடைத்துள்ளன. மூத்த தாய்மார்களுக்கே இவை மிகுதியும் தெரிகின்றன.

பொழுது சாயுமுன் உணவு முடிய வேண்டுமாதலால் என் உரையை நிறுத்துகிறேன். பந்தி முடிந்ததும் கிழக்கு வாயில் அருகே குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பேன். உங்கள் ஊரில் அப்படியொரு பெயர் இருந்தால் வந்து சொல்லுங்கள்.