நம் மொழிக்குப் பிறர் வைத்த பெயர்கள்



தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் என்றொரு மொழி. டச்சுக்காரர்களோடு அவர்களுடைய அடிமைகளும் பேசிப் பேசி உருவானது. அந்த அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்துப் போனவர்களும் உண்டு. படித்தவர்கள் அதைச் 'சமையலறை மொழி' என்று கேலி செய்தார்கள். 1925-இல் அதுவே ஆட்சிமொழியானது. (1976-இல் அதைக் கறுப்பினப் பிள்ளைகள் மேல் திணித்ததும் சொவெட்டோவில் சுட்டதும் தனிக்கதை.)

நமக்கும் அப்படித்தான். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் 'மலபார்' என்றார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான புத்தகத்தின் தலைப்பிலேயே 'மலபார் தமிழ்' என்றிருக்கிறது. இங்கே 'கெலிங்'. கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். பழைய மலாய் நூல்களில் அது வசை இல்லை. தோட்டத்தில் நம் காதில் விழுந்தது வசையாகத்தான். இப்போது சிலர் 'பஹாசா இந்தியா' என்கிறார்கள். அப்படியொரு மொழி எங்கே இருக்கிறது? நம் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

சட்டம் தமிழைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. 1996 கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். சுங்கை சிப்புட் பெற்றோர்களே, ஒருவரையொருவர் விசாரித்து 15 பேரைச் சேருங்கள். மனுவில் 'தமிழ்' என்றே எழுதுங்கள். கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.