மலைப் பாதைக்கு ஒரு பழைய ஜீப்



தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய தாலுகாக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜீப் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. ஏலக்காய் மூட்டை மலையிலிருந்து இறங்குவதற்கும், வட்டவடைப் பூண்டு சந்தைக்குப் போவதற்கும், நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும் அதுவே துணை. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறுகிறவர், கைக்கு வந்த கிராஜுவிட்டிப் பணத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்கி மகனுக்குப் பிழைப்புத் தேடிக் கொடுக்க எண்ணுவது இப்பக்கங்களில் வழக்கம். அந்தப் பணம் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். தவறான வண்டியில் அது போய்விட்டால் கடனே மிஞ்சும். ஆகவே இப்பொருள் குறித்துச் சிறிது விரிவாகவே பேச விரும்புகிறேன்.

நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிபவன். இயந்திரக் கல்வி பெற்றவன் அல்லேன். ஆயினும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் உள்ள வண்டிக் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து பொருள் கேட்கும் அன்பர்கள் பலர். அவர்களுக்குப் படித்துச் சொன்னதிலிருந்தும், ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்ததிலிருந்தும் ஓர் உண்மை விளங்கிற்று. பழைய ஜீப்பின் விலை, விற்பவர் சொல்லும் தொகை மட்டும் அன்று. வண்டி, அதன் காகிதம், முதல் ஆண்டில் பார்க்க வேண்டிய பழுது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அதன் விலை.

முதலில் தேவையைப் பார்ப்போம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி நமக்கு அவசியந்தானா? கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ வசிப்பவர் நாள்தோறும் செல்வது தார்ச் சாலை. அவருக்குச் சாதாரண வண்டியே போதும். நான்கு சக்கர இயக்கம் கூடுதல் எடையும், கூடுதல் எண்ணெய்ச் செலவும், பழுதாகக்கூடிய கூடுதல் உறுப்புகளுமே ஆகும். நெல்லியாம்பதியின் உள் தோட்டங்களுக்கோ, பெட்டிமுடியைக் கடந்து இடமலைக்குடிக்கோ போகிறவருடைய நிலை வேறு. கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதற்கு ஜீப் ஏறும் வழி இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்தே உள்ளது. கற்கள் உருளும் அவ்வழியில் மற்ற வண்டிகள் செல்வதில்லை. இவ்வாறு உங்கள் பாதை எது, ஆண்டில் எத்தனை மாதம் அது சேறாகக் கிடக்கும் என்பதைக் கணக்கிட்ட பின்பே வண்டி தேடப் புறப்பட வேண்டும்.

ஜீப் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைக்காகப் பிறந்த வண்டி. 1940களின் இறுதியில் மகேந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பொருத்தி விற்கத் தொடங்கினர். அதன் வழிவந்தவையே பின்னர் நம் மலைகளில் ஓடிய மகேந்திரா ஜீப்புகள். 1985இல் மாருதி ஜிப்சி வந்தது. பெட்ரோலில் ஓடும் அந்த எடை குறைந்த வண்டியின் விற்பனை 2019 அளவில் நின்றுவிட்டது. 2010இல் தார் என்னும் வண்டி வந்தது; அதன் புதிய வடிவம் 2020இல் வெளியாயிற்று. எதை வாங்கினாலும், அதன் உதிரிப் பாகம் உங்கள் ஊருக்கு அருகில் கிடைக்கிறதா, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று முன்னதாக விசாரியுங்கள். மூணாற்றில் பழுது பார்க்க முடிந்த பழைய வண்டி, கொச்சிக்கு இழுத்துச் செல்ல வேண்டிய புதுமாதிரி வண்டியைவிட மேலானது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உருவத்தில் ஜீப்பாக இருப்பவை எல்லாம் நான்கு சக்கர இயக்கம் உடையவை அல்ல. பழைய மகேந்திரா ஜீப்புகளில் பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பவை ஏராளம். 2023 முதல் தார் வண்டியிலும் அவ்வகை உண்டு. ஆகவே குனிந்து வண்டியின் அடியில் பாருங்கள். முன் அச்சின் நடுவே பின் அச்சில் இருப்பதைப் போன்ற உருண்டையான டிபரன்ஷியல் கூடும், கியர் பெட்டியை ஒட்டி இன்னொரு பெட்டியும், அதிலிருந்து முன்னோக்கிச் செல்லும் ஷாப்ட்டும் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையானாலும் முன் சக்கரங்கள் இழுக்கமாட்டா. பழுதான முன் ஷாப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு விற்பவர்களும் உண்டு.

அடியில் குனிந்த நிலையிலேயே சேசிஸையும் பார்த்துவிடுங்கள். இன்ஜினை மாற்றலாம், பாடியை மாற்றலாம்; துருப்பிடித்த சேசிஸ் வண்டியின் முதுகெலும்பு முறிந்ததற்கு ஒப்பாகும். பட்டை ஸ்பிரிங்குகள் தொங்கும் இடங்களையும், பாடி அமர்ந்திருக்கும் இடங்களையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். பற்றவைத்த தழும்புகள் இருந்தால் காரணம் கேளுங்கள். பழைய வண்டியின் அடிப்பாகம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூசிப் பளபளத்தால் மகிழ வேண்டாம். எதை மறைக்கப் பூசினார்கள் என்று ஐயுறுங்கள்.

பிறகு இன்ஜின். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திராத வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். மலைக் குளிரில் தொடக்கத்தில் சிறிது வெண்புகை வருவது இயல்பு; சூடேறிய பின்னும் அது தொடர்ந்தால் குறையுண்டு. நீலப் புகை, இன்ஜின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் முழுதும் எரியாமையைக் காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் புகுந்திருக்கிறது. டிபரன்ஷியல் எண்ணெயும் அவ்வாறு வெளுத்திருந்தால், அவ்வண்டி ஆற்றிலும் ஓடையிலும் இறங்கி வந்தபின் எவரும் அதைக் கவனிக்கவில்லை என்று அறியலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்குத் தார்ச் சாலை மட்டும் போதாது. மண் தரையிலோ சரளைக் கல் பரப்பிலோ நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி, ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாகச் செலுத்துங்கள். முன் சக்கரப் பக்கமிருந்து ‘டக் டக்’ என்னும் ஓசை வந்தால் அங்குள்ள மூட்டுகள் தேய்ந்துள்ளன. அடுத்து, இறக்கத்தில் தாழ்ந்த விகிதத்தைப் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். லிவர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிட்டால் அவ்வண்டியை மலையில் நம்ப இயலாது. அங்கே உயிரைத் தாங்குவது இன்ஜினின் பிடிப்பேயன்றிப் பிரேக் மட்டும் அன்று. இத்தகைய பழைய வண்டிகளில் உலர்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி ஓட்டலாகாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, பூட்டு அதற்கு இடங்கொடாது. பற்சக்கரங்கள் இறுகி முறியும். இதே காரணத்தால் நான்கு டயர்களும் ஒரே அளவாகவும், ஏறத்தாழ ஒரே தேய்மானமாகவும் இருத்தல் வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

இனிக் காகிதம். நல்ல வண்டியும் கெட்ட காகிதத்தால் வீணாகும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தயாரிப்பாளரின் அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாதென்று, கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே அகன்ற டயரும் விளக்கு வரிசையுமாக அலங்கரித்த ஜீப்புக்கு அதிக விலை கொடுப்பது அபராதத்தை விலைக்கு வாங்குவதேயாகும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தையும் பசுமை வரியையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடன் நிலுவை, காப்பீடு, பதிவு முடியும் நாள் முதலியவற்றை எம்பரிவாகன் செயலி வழியாகக் கைப்பேசியிலேயே காணலாம்.

எல்லையில் வாழ்வோர் இன்னும் ஒன்றை மறக்கலாகாது. கம்பத்திலோ போடியிலோ பொள்ளாச்சியிலோ வண்டி வாங்கிக் கேரளத்தில் ஓட்டுவதானால், தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கு உரியது 28ஆம் எண் படிவம். பெயர் மாற்றத்திற்கு உரியவை 29, 30ஆம் எண் படிவங்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் பெற்றுக்கொண்டு ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தரகர் சொன்னால் இணங்காதீர்கள். விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியிருக்கிறது. மேலும், சுற்றுலாப் பயணிகளையோ தோட்டத் தொழிலாளரையோ வாடகைக்கு ஏற்ற எண்ணுவோர் வெள்ளைப் பலகை வண்டியை வாங்கி அதற்குப் பயன்படுத்தலாகாது. வாடகை வண்டிக்குரிய பதிவும், பெர்மிட்டும், எப்.சி.யும், பயணிகளுக்கான காப்பீடும் தேவை. இவையின்றி விபத்து நேர்ந்தால் ஏறியவர் குடும்பமும் ஓட்டியவர் குடும்பமும் ஒருங்கே அழியும்.

முடிவாகப் பணக் கணக்கு. கையில் 3,00,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். 3,00,000 ரூபாய்க்கு வண்டி பார்க்கலாகாது. 2,25,000 ரூபாய்க்குள் வண்டியை முடித்து, 25,000 ரூபாயைக் காகிதச் செலவுக்கும் காப்பீட்டுக்கும் ஒதுக்கி, மீதி 50,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். எவ்வளவு தேர்ந்து வாங்கினாலும் பழைய வண்டி முதல் ஆண்டில் டயர், பேட்டரி, கிளட்ச் என ஏதேனும் ஒன்றைக் கேட்கும். அப்போது வட்டிக்கு வாங்காமல் கொடுக்க முடிந்தவரே வண்டிக்கு உடையவர். பெயிண்ட் மங்கி, இருக்கை கிழிந்து, சேசிஸ் உறுதியாக, காகிதம் நேராக உள்ள ஜீப்பு ஒன்று கிடைத்தால் தயங்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள். தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். முப்பது ஆண்டு உழைப்பைக் காக்க அந்த ஒரு நாள் கூலி பெரிதன்று.