பழைய மடிக்கணினிக்குப் புதிய அடித்தளம்



தம்பிலுவிலில் ஆசிரியர் ஒருவர் வீட்டில், பன்னிரண்டு ஆண்டு உழைத்த மடிக்கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபின், புதியது வாங்கும் எண்ணத்தைக் கைவிட்ட குடும்பம் அது. கணினியில் லினக்ஸ் இயங்குகின்றது. பல ஆண்டு வினாத்தாள்கள் அதனுள்ளே இருக்கின்றன. ஒருநாள் புதிய நிரலொன்றை இயக்க முயல, இன்ன இலக்கமுடைய ஜிலிப்சி காணப்படவில்லை என்று திரை கூறுகின்றது. குறை யாது?

லினக்ஸின் அடித்தளத்திலே இரண்டு பகுதிகள் முதன்மையானவை. ஒன்று வன்பொருளை ஆளும் கேர்னல். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அதுவே. மற்றையது ஜிலிப்சி எனப்படும் சி நூலகம். கோப்பைப் பிரதிசெய்யும் சிறு கட்டளை முதலாகப் பெரும்பாலான நிரல்கள் அதனையே சார்ந்து நிற்பன.

புதிய கேர்னல் அஞ்சத்தக்கதன்று. பழையது அருகிலேயே இருக்கும். புதியது முரண்டு பிடித்தால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலிற் பழையதைத் தெரிந்துகொள்ளலாம். நூலகமோ அவ்வாறன்று. ஓடும் தோணியின் அடிப்பலகையைக் கடலில் வைத்தே மாற்றுவது போன்ற வேலை அது. வேறெங்கிருந்தோ பெற்ற நூலகக் கோப்பைக் கையால் எடுத்து வைப்போர் உளர். மறுகணம், கோப்புகளைக் காட்டும் கட்டளைகூட இயங்காது போகலாம். பிழையைத் திருத்த வேண்டிய கருவியும் அந்நூலகத்தையே நம்பியிருந்தது அன்றோ!

ஆதலின் தொகுப்பு முழுவதையும் ஒருசேர உயர்த்துவதே முறை. டெபியன் தொகுப்பாயின் 11இலிருந்து 12க்கும், பின்னரே 13க்கும் செல்லல் வேண்டும். இடைப்படியைத் தாண்டிக் குதித்தலை அதனை ஆக்கியோர் ஆதரிப்பதில்லை.

இனி மின்சாரம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. பழைய மடிக்கணினியின் மின்கலமோ பெரும்பாலும் பெயரளவுக்கே இருக்கும். நூலகம் மாறும் வேளையில் விளக்கு அணைந்தால் கணினியின் கதி என்ன? ஆகவே தேவையான பொதிகளை முதலிற் பதிவிறக்கி மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கென்றே வழி உண்டு. நிறுவுதலை, மின்சாரம் நிலையாக உள்ள நேரத்தில் தனியே செய்யலாம். இடையில் நின்றுவிட்டாலும், விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யும் கட்டளை பலமுறை கைகொடுக்கும்.

அதற்கு முன்னர் வினாத்தாள்களை வேறொரு பென் டிரைவில் பிரதிசெய்து, வேறொரு வீட்டிலும் வைத்தல் நன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரை இது; ஒரே பிரதியாக இருந்த பத்திரங்களை இழந்தோர் இங்கு பலர்.

மற்றுமொரு சோதனை, புரொசெசர் 32 பிட்டா 64 பிட்டா என்பது. 2006இல் வந்த கோர் டுவோவும் கோர் 2 டுவோவும் பெயரளவில் இரட்டையர். முன்னது 32, பின்னது 64. 64 பிட் கணினியில் யாரோ 32 பிட் தொகுப்பை நிறுவியிருப்பதும் உண்டு. அங்கே 64 பிட் தொகுப்பைப் புதிதாக நிறுவுதல் எளிது. உண்மையான 32 பிட் கணினிக்கு, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் கேர்னலே இல்லை. அதற்கு 12ஆம் பதிப்பே கடைசிப் படி. அங்கே நிறுத்திக்கொண்டு, இணையத்துக்கு வேறு கருவியை நாடி, வினாத்தாள் தட்டச்சுக்கு அதனை வைத்துக்கொள்ளலாம்.