பின்பக்கம் கையெழுத்துப் போடுமுன்

சங்கக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் நான் பேசியதை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். தடுமாறிய இடங்களைச் சரிசெய்து தந்திருக்கிறேன். அன்று வர முடியாதவர்கள் படிக்கலாம். வந்து கண்ணயர்ந்தவர்களும் படிக்கலாம்.

இணையத்தில் பாதுகாப்பாக, மரியாதையாக நடந்துகொள்வது பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள். ஓடிபி சொல்லாதே, முன்பின் தெரியாதவர் கேட்டால் போட்டோ அனுப்பாதே என்பதெல்லாம் பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். அதை மட்டும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். நான் பேச வந்தது வேறு ஒன்று. நமக்கு வந்த செய்தியை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோமே, அதைப் பற்றி.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு, நான் ஓய்வு பெறச் சிறிது காலமே இருந்தது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் வந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான். கை கழுவிவிட்டுக் கவுண்டருக்குப் போய், தேதி போடாத ஒரு செக்கை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொண்டார். விதி என்றால் விதி என்று நானும் பேசினேன்.

அந்த ஆண்டு மே 9ஆம் தேதி, நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூர் என்ற ஊரில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடக் காரில் வந்தது. அதில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் சூழ்ந்து அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அடித்ததைப் படம் பிடித்து அனுப்பிய வீடியோக்களை வைத்தே போலீஸ் பலரைப் பிடித்தது.

நான் அனுப்பிய செய்திதான் அந்த ஊருக்குப் போனது என்று சொல்லவில்லை. போகவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, அந்த மூன்று குழுக்களிலும் போய்த் தேடினேன். நான் அனுப்பியதற்குக் கீழே நன்றி, நன்றி என்று கைகூப்பிப் பன்னிரண்டு பேர் போட்டிருந்தார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் தெரிந்திருக்கும். ஒருவர் பெயருக்கு வந்த செக்கை அவர் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். எண்டார்ஸ்மெண்ட் என்போம். செக் திரும்பிவிட்டால், எழுதியவர் மட்டுமல்ல, பின்னால் கையெழுத்துப் போட்டவரும் பணத்துக்குப் பொறுப்பு. நான் எழுதவில்லையே, கைமாற்றித்தானே விட்டேன் என்று தப்பிக்க முடியாது. எனக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவும் ஒரு வழி உண்டு. அதற்கு சான்ஸ் ரிகோர்ஸ் என்று பெயர். வாட்ஸ்அப்பில் சிலர் ‘வந்ததை அனுப்புகிறேன்’ என்று போடுவது அந்த ஆசையில்தான். செக்கில் செல்லும். இங்கே செல்லாது.

இது என் சொந்தக் கருத்து இல்லை. அதே 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். முன்ஜாமீன் கேட்டுப் போனபோது சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சொன்னது. ஆங்கிலத் தீர்ப்பில் எங்கள் பழைய எண்டார்ஸ் என்ற சொல்லே இருந்தது. கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டார் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பெயரும் புகழும் உள்ளவருக்கே இந்தக் கதி.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2022 ஜூலை 13 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்துபோனாள். பெற்ற மனம் பதறியதும் ஊரார் நியாயம் கேட்டதும் சரிதான். ஆனால் நான்கு நாட்களில் வாட்ஸ்அப் குழுக்கள் கிளம்பின. 17ஆம் தேதி இளைஞர் கூட்டம் திரண்டது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, போலீஸ் வண்டி எரிந்தது, அங்கே படித்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. முந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். குழு தொடங்கியவர்களையும் விடவில்லை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து முகங்களை அடையாளம் கண்டார்கள். தலைவர் யாரும் மேடை போட்டு அழைக்கவில்லை. ‘வாங்க’ என்று ஒரு செய்தி, அதற்குக் கீழே ஆயிரம் ஃபார்வர்டு.

தம்பிகளே, வழக்கு ஒன்று இருந்தால் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போது சிக்கல். அரசு வேலை, வங்கி வேலை என்றாலும் நன்னடத்தை விசாரிப்பார்கள். ஒரு விரல் அசைவுக்கு இவ்வளவு வட்டி கட்ட வேண்டுமா?

என்ன செய்யலாம்? கவுண்டரில் செக்கைப் பார்ப்பது போலப் பாருங்கள். தேதி இருக்கிறதா? பிள்ளை பிடிக்கும் செய்தியில் தேதியும் இல்லை, ஊரும் இல்லை. ‘நம்ம ஏரியா’ என்று மட்டும் இருந்தது. எந்த ஊரில் படித்தாலும் அது நம்ம ஏரியாதானே! எழுதியவர் கையெழுத்து இருக்கிறதா? எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகிறதா? செக்கில் தொகை எழுத்தில் ஒன்றும் எண்ணில் ஒன்றும் இருந்தால் நாங்கள் யோசிப்போம். அதுபோலப் படத்தையும் அதன் கீழே எழுதியிருப்பதையும் பொருத்திப் பாருங்கள். அந்த ஆண்டு இந்தியாவில் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்தவன் குழந்தையைத் தூக்கிப் போவான். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவன் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை அட்டை ஒன்றைக் காட்டுவான். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் ‘ஃபார்வர்டு’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது, ஒரே சமயத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று பொருள். அதைக் கண்டால் நான் இப்போது போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.

வைத்துவிடுகிறேன் என்பது முழு உண்மை இல்லை. போன வருடம் ரத்த தானம் கேட்டு வந்த ஒரு செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டேன். பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தி தனியாக எனக்கு அனுப்பினாள்: “தாத்தா, அந்த நம்பர் வேலை செய்யல. பழைய மெசேஜ்.” குழுவிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே நீக்கினேன், தவறான செய்தி என்று நானே எழுதினேன். இணைய மரியாதை என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு உட்காரலாம் என்றிருக்கிறேன். அந்த வாரம் நம் சங்கக் குழுவில் வந்த ஃபார்வர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம், யார் போட்டது என்ற பெயரை மறைத்துவிட்டு. பெற்றோரும் வரலாம். ரத்து செய்த பழைய செக் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. போனை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.