குடும்பப் பயணத்திற்கு ஏற்ற காலணி

விடுமுறை வந்தால் குடும்பத்தோடு திருப்பதிக்குச் சென்று வருவது தமிழ்நாட்டில் பல வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். தரிசனம் முடிந்தபின் சிலர் நேரே ஊர் திரும்புவதில்லை. சேஷாசலக் காட்டிலுள்ள தலக்கோனா அருவிக்குச் சென்று, ஓரிரவு தங்கி, காட்டு வழியில் சற்று நடந்துவிட்டு வருகின்றனர். இத்தகைய பயணத்திற்குத் துணிமணி, கட்டுச்சோறு, மருந்து எல்லாவற்றையும் நாம் பல நாள் முன்பே எண்ணிக் கட்டி வைக்கிறோம். காலணியை மட்டும் புறப்படும் வேளையில் நினைத்துக்கொள்கிறோம். வாசலில் கிடப்பது எதுவோ அதுவே பயணத்திற்கும் போதும் என்பது நம் எண்ணம். அது போதுமா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

திருமலைக்கு நடந்து செல்வோர் அடிவாரத்தில் அலிபிரியில் தொடங்குகின்றனர். அங்கிருந்து மேலே செல்ல ஏறத்தாழ 3,550 படிகள். தொலைவு சுமார் 9 கிலோமீட்டர். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஏறுவதே மரபு. அடிவாரத்திலுள்ள பாதால மண்டபத்தில், பெருமானின் பாதுகைகளாகப் போற்றப்படும் உலோகப் பாதுகைகளைத் தலையில் தாங்கி வலம் வருவதும் வழக்கம். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியார் சிறுவராக இம்மலை ஏறியபோது, காலில் செருப்புடன் நடந்ததால் மேலே செல்ல இயலாமல் சோர்ந்து உறங்கினார் என்றும், அலர்மேல்மங்கைத் தாயார் தோன்றிச் செருப்பைக் கழற்றச் சொன்னார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. ஆகவே, இந்த மலையில் செருப்பைக் கழற்றுவது வெறும் பழக்கமன்று. பக்தியின் ஒரு கூறு.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. வெறுங்காலுடன் நடப்பவனுக்குக் காவல் அவனுடைய வலியே. கல் குத்தினால் காலை எடுக்கிறான். தரை சுட்டால் நிழலுக்கு ஓடுகிறான். நெடுநாள் நீரிழிவு உடையோரில் பலருக்கு இந்தக் காவல் இல்லை. நரம்புகள் தளர்ந்து பாதம் மரத்துப்போகிறது. அலிபிரிப் பாதையின் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. ஆயினும் வாகனச் சாலையை ஒட்டி நடக்க வேண்டிய பகுதியும் உண்டு. நண்பகலில் தார்ச்சாலையும் கருங்கல்லும் எவ்வளவு சுடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மரத்த பாதத்தில் கொப்புளம் எழுந்தாலும் அது தெரியாது. இரவில் காலைக் கழுவும்போதுதான் கண்ணில் படும். அந்தப் புண் ஆறாமல் விரலையோ காலையோ இழந்தவர்கள் உண்டு.

வலியின் இந்த அருமையை மருத்துவ உலகிற்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி, திருப்பதிக்கு அதிகத் தொலைவில்லாத வேலூரில் நடந்தது. 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கால்கள் நோயினால் தாமாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற பாதத்தில் மீண்டும் மீண்டும் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று காட்டினார். அதன் பயனாக, மென்மையான ரப்பர் உள்தளமும் உறுதியான அடித்தளமும் கொண்ட செருப்புகள் வழக்கத்திற்கு வந்தன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவாளருக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது அதுவே.

ஆதலின், வீட்டுப் பெரியவர் படியேற வேண்டும் என்று விரும்பினால், முதலில் அவருடைய பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது என்பதே மருத்துவர் கூற்று. 1944இல் மலைச்சாலை திறக்கப்பட்டது முதல் வாகனத்தில் ஏறும் வசதி இருக்கிறது. அதில் ஏறிச் சென்று வணங்குவோரின் பக்தி குறைந்ததென்று யார் சொல்வார்? கோயிலருகே காலணியைக் கழற்ற வேண்டிய இடத்திலும் வெயில் தாழ்ந்த வேளையைத் தேர்ந்துகொள்ளலாம்.

இனி, காட்டு வழிக்கு வருவோம். தலக்கோனா அருவி 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதனருகே பாறைகள் வழுக்கும். காட்டில் முள்ளும் கூரிய கல்லும் மிகுதி. விரலிடுக்கில் வார் கொண்ட ரப்பர் செருப்பு இங்கே உதவாது. ஈரத்தில் அது காலைவிட்டு நழுவும். குதிகாலைப் பிடிக்கும் வாரும், அடியில் ஆழ்ந்த வரிப்பள்ளமும் உடைய செருப்பு நீரருகே நல்லது. நெடுந்தூரம் நடக்க, விரல்களை மூடும் கேன்வாஸ் காலணியும் பருத்திக் காலுறையும் வேண்டும். ஈரமான உறையை மாற்ற மற்றொரு இணை கைவசம் இருத்தல் நலம். இரவில் வெளியே கழற்றி வைத்த காலணியைக் காலையில் கவிழ்த்து உதறிய பின்னரே அணிய வேண்டும். தேளும் பூரானும் ஒதுங்க விரும்பும் இடம் அதுவே.

வாங்கும் முறையிலும் கவனம் தேவை. செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்பது பழமொழி. ஆனால், நெடுங்காலமாக நாம் அதைத்தான் செய்து வந்திருக்கிறோம். பிற நாட்டு அளவுகளில் செய்த காலணிக்குள் நம் பாதத்தைத் திணிக்கிறோம். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியரின் பாதத்தைவிட அகன்றது என்று அதில் தெரியவந்தது. அகலம் போதாதபோது நீளம் மிகுந்ததை வாங்குவோர் பலர். அதனுள் கால் முன்னும் பின்னும் உரசிக் கொப்புளம் காண்கிறது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது, நின்ற நிலையில், இரு காலுக்கும் அணிந்து பார்த்தே வாங்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். வளர்கின்ற பிள்ளை என்று இரண்டளவு பெரிதாக வாங்கிக்கொடுத்தால், இறக்கத்தில் அப்பிள்ளை தடுக்கி விழும்.

புதுக்காலணியைப் பயண நாளன்று முதன்முதலாக அணிதல் தவறு. இரண்டு வாரம் முன்பே வாங்கி, கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் அணிந்து பழக்கிய பின்னரே மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கழற்றிய காலணியை வைத்துக்கொள்ள ஆளுக்கொரு துணிப்பையும் வேண்டும்.

பயணத்தில் ஒவ்வொரு நாள் இரவும் குடும்பத்தார் அனைவரின் பாதங்களையும் கழுவித் துடைத்து, விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல வழக்கம். ஐந்து நிமிடமே ஆகும். தம் பாதத்தைத் தாமே குனிந்து பார்க்க இயலாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இதைச் செய்யலாம்.