தேய்ந்த விரலுக்கும் கதவு திறக்கட்டும்

சாந்தோம் அடுக்ககம் ஒன்றின் வாசலில் விரல்ரேகைப் பெட்டி மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். நமக்குத் திறந்துவிடும். காலையில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு? சோப்பும் நாரும் தின்ற விரலில் ரேகை மங்கிப்போயிருக்குமே! நொச்சிக்குப்பத்தில் மீன் ஆய்கிறவர்களுக்கும் அதே பாடுதான்.

மருந்துகூட ரேகையை அழிக்கும். கேப்சைட்டபின் மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர் புற்றுநோயாளி ஒருவரை, ரேகை இல்லையென்று அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்திவைத்தார்கள். 2009இல் மருத்துவ இதழிலேயே வெளிவந்த சேதி இது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலைப் பதியுங்கள். அப்படியும் படியாதவருக்கு ஒரு கார்டு கொடுத்துவிடுங்கள். வாசலில் நிற்கவைத்துத் திரும்பத் திரும்பத் தேய்க்கச் சொல்லாதீர்கள். பெட்டியில் நேர் வெயில் படக்கூடாது. உப்புக்காற்று வேறு, இணைப்புகளைத் துரு அரித்துவிடும். பூட்டை இயக்கும் ரிலே சுவிட்ச் கட்டடத்துக்கு உள்ளே இருக்கட்டும். வெளியே இருந்தால், பெட்டியைக் கழற்றி இரண்டு ஒயரை இணைத்தே திறந்துவிடுவான் கெட்டிக்காரத் திருடன்!

கதவில் மாட்டுவது காந்தப் பூட்டானால், மின்சாரம் நின்றதும் அது தானாகத் திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் அதுதான் உயிர் காக்கும். திருட்டுக்கு அஞ்சினால் பேட்டரி வையுங்கள். ஆனால் தீ எச்சரிக்கை மணி அடித்ததும் பூட்டு விடுபட வேண்டும்.

அடுக்ககச் சங்கச் செயலாளர்களே, வீடு காலி செய்தவர்களின் ரேகைப் பதிவை அன்றே அழித்துவிடுங்கள்.